ஏற்றத்தில் ஜம்மென்று போகிறது, ஐடிலில் அணைகிறது: 2003 எஸ்டீம், புளியரைப் பாதை

செங்கோட்டை1300

அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம். வண்டி 2003 மாடல் எஸ்டீம், 1298 சி.சி., எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் பீச்சும் வகை). புனலூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் வாங்கியது. ஓட்டம் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. பாடி துரு இல்லாமல் நன்றாக இருக்கிறது, அதனால் விற்கவும் மனசு வரவில்லை.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு குறையும் இல்லை. சூடான பிறகுதான் தொல்லை. ஐடில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம், ஓரிடத்தில் நிற்காது, ஆர்.பி.எம் ஊசி 600-க்கும் 1100-க்கும் நடுவே ஊஞ்சலாடும். புளியரை செக்போஸ்ட்டில் லாரிகளுக்குப் பின்னால் நிற்கும்போது குலுங்கிக் குலுங்கி அணைந்துவிடும். பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறதே தவிர எஞ்சின் பிடிக்காது. ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு சுற்றினால் கரும்புகையோடு பிடிக்கும். லிட்டருக்கு 14 கொடுத்த வண்டி இப்போது 9 கொடுக்கிறது.

ஆனால் கோட்டைவாசல் ஏற்றத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எஸ் வளைவுகளில் இரண்டாம் கியரில் புதுவண்டி மாதிரி இழுக்கிறது. அதுதான் எனக்குப் புரியவில்லை.

ஒர்க்ஷாப்பில் இதுவரை மாற்றியவை: ஆக்ஸிஜன் சென்சார், ஐடில் கன்ட்ரோல் வால்வு, பிளக் செட். எஞ்சினுக்குக் காற்று போகும் வாசலான த்ராட்டில் பாடியும் கிளீன் செய்தார்கள். எதிலும் மாற்றம் இல்லை. இப்போது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ. போய்விட்டது, பழையது ஒன்று தேடிப் போடலாம் என்கிறார்கள். செக் எஞ்சின் விளக்கு எரியவில்லை. என்ன செய்யலாம்?

கார்புரேட்டர்_காலம்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எல்லாம் எத்தனால் செய்கிற வேலை. 20 சதவீதம் கலக்கிறார்கள், 2003-ல் செய்த வண்டி அதை எப்படித் தாங்கும்? என் தெருவில் எல்லாப் பழைய வண்டிக்கும் இதே சீக்குதான். கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒரு திருகு திருகிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

பழைய_ஸ்பேனர்

தம்பி, முதலில் ஈ.சி.யூ. பேச்சை நிறுத்தச் சொல்லுங்க. நான் தென்காசிப் பக்கம் இந்த வேலையில் ரொம்ப காலமாக இருக்கிறவன். கேட்ட இடத்திலெல்லாம் ஈ.சி.யூ. என்று சொல்லப்பட்டு, கடைசியில் ஈ.சி.யூ.வாக இருந்தவை மிகக் குறைவு. ஆகக் கடைசியில் சந்தேகப்பட வேண்டிய பொருள் அது.

நாலு விஷயம் பார்த்துச் சொல்லுங்க. பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்க, நாலும் ஒரே நிறமா என்பதும் முக்கியம். டெம்பரேச்சர் ஊசி மலை ஏறி முடித்ததும் எங்கே நிற்கிறது? டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தால் பெட்ரோல் வாசம் வருகிறதா? கோட்டைவாசலிலிருந்து புளியரைக்கு இறங்கும்போது, கால் ஆக்ஸிலேட்டரில் இல்லாத நேரத்தில், சைலன்சரில் பட்பட்டென்று சத்தம் வருகிறதா?

கடைசிக் கேள்விக்குத்தான் எனக்குப் பதில் வேண்டும்.

ஆரியங்காவு_ரப்பர்

ஐடில் ஆடுகிறது என்றால் வேக்கும் லீக்தானே, ஏதோ ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது? சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கிற இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், எஞ்சின் ஆவியைத் திருப்பி உள்ளே விடும் பி.சி.வி. ஹோஸ் இருக்கும், எங்கள் ஊர் மழையிலும் எஞ்சின் சூட்டிலும் அது வெடித்துப்போகும். பிரேக் பூஸ்டர் ஹோஸையும் பாருங்க. ஐடிலில் ஓடவிட்டு ஒவ்வொரு ஹோஸ் மேலும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும், லீக் இருக்கிற இடத்தில் ஐடில் மாறும். கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எக்ஸாஸ்ட் சூடாக இருக்கும்போது அந்த விளையாட்டு வேண்டாம்.

பழைய_ஸ்பேனர்

வேக்கும் லீக் நல்ல சந்தேகம்தான், ஆனால் இந்த வண்டியில் அது வேறு மாதிரி காட்டும். காற்றை அளக்கிற முறை இரண்டு உண்டு. சில வண்டிகளில் ஏர் ஃபில்டர் பக்கத்திலேயே சென்சார் வைத்து, உள்ளே போகிற காற்றை நேரடியாக அளப்பார்கள். அதில் சென்சாரைத் தாண்டி லீக் இருந்தால் அந்தக் காற்று கணக்கில் வராது. பெட்ரோல் போதாமல் எஞ்சின் தடுமாறும்.

எஸ்டீமில் இருப்பது மேப் சென்சார். அது மேனிஃபோல்டு உள்ளே இருக்கிற அழுத்தத்தைப் பார்த்துத்தான் பெட்ரோலைத் தீர்மானிக்கிறது. எந்த ஓட்டை வழியாகக் காற்று வந்தாலும் அழுத்தம் கூடும், சென்சாருக்குத் தெரியும், பெட்ரோலும் சேர்ந்து கூடும். அதனால் ஐடில் 1500, 1800 என்று ஏறி நிற்கும், பெரும்பாலும் அணையாது. இவருக்கு அணைகிறது, கரும்புகை வருகிறது. இது காற்று கூடின கதையாகத் தெரியவில்லை, பெட்ரோல் கூடின கதை.

ஒரே ஒரு விதிவிலக்கு. மேப் சென்சாருக்குப் போகிற சின்ன ஹோஸே வெடித்திருந்தால், சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தை மேனிஃபோல்டு அழுத்தம் என்று நினைத்துக்கொள்ளும். எஞ்சின் முழு லோடில் இருப்பதாக ஈ.சி.யூ. கணக்குப் போட்டு பெட்ரோலை அள்ளி ஊற்றும். அதையும் பார்த்துவிட வேண்டும்.

ஓம்மீட்டர்

அதற்கு மல்டிமீட்டர் போதும், ஸ்கேனர் தேவையில்லை. (2003 காலத்து வண்டிகளில், கோளாறை மொபைலில் படிக்கும் ஓ.பி.டி. டாங்கிள் சேராது. நம் நாட்டில் ஓ.பி.டி. கட்டாயமானதே 2010-லிருந்துதான்.) கோளாறு பார்க்கிற கனெக்டரான டயக்னோசிஸ் கப்ளரில் ஜம்பர் வயர் போட்டால் செக் எஞ்சின் விளக்கு கண் சிமிட்டி நம்பர் சொல்லும், 12 வந்தால் கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்று அர்த்தம். எந்தப் பின் என்பது மாடலுக்கு மாடல் மாறும், மேனுவல் பார்க்காமல் எதையும் ஷார்ட் செய்யாதீங்க.

மேப் சென்சார் அவுட்புட்: சாவி ஆன், எஞ்சின் ஓடாமல் 4 வோல்ட் பக்கத்தில் இருக்க வேண்டும். சூடான ஐடிலில் 1 முதல் 1.5 வோல்ட். ஐடிலிலும் 3 வோல்ட் காட்டினால் ஹோஸ் அல்லது சென்சார்.

கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரையும் பாருங்க. கேஜுக்குப் போகிற ஒற்றை வயர் சென்சார் வேறு, ஈ.சி.யூ.வுக்குப் போகிற இரண்டு வயர் சென்சார் வேறு. ஈ.சி.யூ. சென்சார் 20 டிகிரியில் சுமார் இரண்டரை கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் காட்ட வேண்டும். சூடான எஞ்சினில் இன்னும் ஆயிரக்கணக்கில் காட்டினால், எஞ்சின் குளிராக இருக்கிறது என்று நம்பி ஈ.சி.யூ. சோக் போட்டபடியே, அதாவது பெட்ரோலைக் கூட்டியபடியே ஓட்டும்.

சென்சார் சரியாக இருந்தும் எஞ்சினே சூடாகாமல் இருக்கலாம். எஞ்சின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வு உள்ளே இருக்கிறதா என்று கேளுங்க.

கம்பம்_ஜீப்

தெர்மோஸ்டாட்! நம் ஊரில் பாதிப் பேர் அதைக் கழற்றித் தூக்கி எறிந்துவிடுவார்கள். மலையில் ஓவர்ஹீட் ஆகும் என்று சொல்லி. பழைய டீசல் ஜீப்பில் அது ஓடிவிடும். இதில் ஓடாது.

செங்கோட்டை1300

பார்த்துவிட்டேன் அண்ணாச்சி. பிளக் நாலும் கருப்பு, உலர்ந்த புகைக்கரி மாதிரி. ஒன்று மட்டும் மற்றதைவிட மோசம், ஈரமாகவே இருந்தது. டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசம் நன்றாகவே வருகிறது. ஆயில் லெவலும் மேல் கோட்டுக்கு மேலே நிற்கிறது, நான் ஊற்றவில்லை.

டெம்பரேச்சர் ஊசி கால்வாசியைத் தாண்டுவதே இல்லை. மழை நாளில் தென்மலைப் பக்கம் போனால் அடியிலேயே கிடக்கிறது.

மேப் சென்சார் ஐடிலில் 1.3 வோல்ட். ஹோஸ் நன்றாக இருக்கிறது. புது ஆக்ஸிஜன் சென்சாரில் மீட்டர் வைத்தேன், 0.85 வோல்ட்டிலிருந்து அசையவே இல்லை. அதுவும் போலிச் சரக்கு போல.

இறங்கும்போது பட்பட் சத்தம், ஆமாம், நன்றாகவே வருகிறது. பெட்ரோல் வாசமும் வருகிறது. அதை எப்படிக் கேட்டீர்கள்?

கார்புரேட்டர்_காலம்

எத்தனால்தான். எழுதி வைத்துக்கொள்ளுங்க.

ஓம்மீட்டர்

அண்ணே, எத்தனாலுக்கு நானும் ரசிகன் இல்லை. பழைய வண்டிக்காரர்களைக் கேட்காமல் கொண்டுவந்தார்கள் என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் கணக்கு இங்கே உதைக்கிறது.

பெட்ரோல் முழுதாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். அதனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலை அதே அளவு பீச்சினால் கலவை காற்று கூடியதாக, அதாவது லீனாகப் போகும். பிளக் வெளுக்க வேண்டுமே தவிர கறுக்கக் கூடாது. மைலேஜும் அப்படித்தான். எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்கு, ஆக 20 சதவீதக் கலப்பில் ஆறேழு சதவீதம் குறையலாம். இவருக்கு 14-லிருந்து 9 ஆகியிருக்கிறது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அது எத்தனாலால் முடிகிற காரியம் இல்லை.

செங்கோட்டை தம்பி, ஆக்ஸிஜன் சென்சார் போலி இல்லை. நல்ல சென்சார் சூடான ஐடிலில் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே மாறி மாறி ஓட வேண்டும். 0.85-ல் நிற்கிறது என்றால் பெட்ரோல் கூடுதல் என்று அது விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. பழைய சென்சாரும் அதையேதான் சொல்லியிருக்கும், பாவம், அதைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள்.

பழைய_ஸ்பேனர்

சரி, இப்போது சொல்கிறேன்.

ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு கியரில் இறங்கும்போது ஈ.சி.யூ. இன்ஜெக்டர்களை அடியோடு மூடிவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது, பெட்ரோல் தேவையில்லை. ஆர்.பி.எம் ஐடிலுக்குப் பக்கத்தில் வந்ததும் மறுபடி திறக்கும். ஆகவே ஒழுங்கான வண்டியில் புளியரை இறக்கத்தில் எக்ஸாஸ்ட்டில் வெறும் காற்றுதான் போக வேண்டும். உங்களுக்கோ அங்கே பெட்ரோல் எரிந்து வெடிக்கிறது. இன்ஜெக்டர் மூடியிருக்கும்போது பெட்ரோல் எந்த வழியாக வருகிறது?

இன்னொன்று. ஐடிலிலும் இறக்கத்திலும் த்ராட்டில் மூடியிருப்பதால் மேனிஃபோல்டு உள்ளே இழுவை ரொம்ப அதிகம். ஏற்றத்தில் த்ராட்டில் திறந்திருக்கிறது, இழுவை கிட்டத்தட்ட இல்லை. இழுவை இருக்கிற இடத்தில் மட்டும் கோளாறு, இல்லாத இடத்தில் வண்டி ஜம். ஆகவே பெட்ரோலை யாரோ மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சுகிறார்கள்.

அதற்கு ஒரே நேர்வழி ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டர். பெட்ரோல் பிரஷரை அளவோடு வைக்கிற பொருள். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரிக்கும் குழாயான ஃப்யூயல் ரெயிலில் இருக்கிற சின்ன உருண்டை, தலையில் ஒரு மெல்லிய வேக்கும் ஹோஸ். அதற்குள்ளே ஒரு ரப்பர் சவ்வு, டயாஃப்ரம். ஒரு பக்கம் பெட்ரோல், மறு பக்கம் மேனிஃபோல்டு இழுவை. ரப்பர் கிழிந்தால் பெட்ரோல் அந்த ஹோஸ் வழியாக நேரே மேனிஃபோல்டுக்குப் போய்விடும். ஈ.சி.யூ.வுக்கு இது தெரியவே தெரியாது. இன்ஜெக்டரை எவ்வளவு சுருக்கினாலும் குறையாது. அணைத்து வைத்தாலும் ரெயிலில் மிச்சமிருக்கிற பிரஷர் ஒழுகி உள்ளே தேங்கும். அதனால்தான் பரோட்டாக் கடையில் பிடிக்காமல் போகிறது. ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது காற்று நிறையப் போய், ஈ.சி.யூ.வும் பீச்சுவதை நிறுத்தி, தேங்கினது காய்ந்து பிடிக்கிறது. காலையில் மட்டும் நல்ல ஸ்டார்ட் ஏன் என்றால் குளிர்ந்த எஞ்சினுக்கு அந்தக் கூடுதல் பெட்ரோல் தேவைதான்.

ஒரு பிளக் மட்டும் ஈரம் என்றீர்களே, அந்த ஹோஸ் மேனிஃபோல்டில் சேருகிற இடத்துக்குப் பக்கத்து சிலிண்டராக இருக்கும் பாருங்க.

சோதனை சுலபம். எஞ்சினை அணைத்து, ஆற விட்டு, ரெகுலேட்டர் தலையிலிருந்து ஹோஸைப் பிடுங்குங்க. உள்ளே உலர்ந்திருக்க வேண்டும். ஒரு சொட்டு பெட்ரோல் இருந்தாலும் ரெகுலேட்டர் முடிந்தது. பக்கத்தில் பீடி, சிகரெட் ஆசாமிகள் வேண்டாம்.

செங்கோட்டை1300

ஹோஸைப் பிடுங்கியதும் விரலில் பெட்ரோல் வழிந்தது. ஈரம் மூன்றாவது சிலிண்டர், ஹோஸ் சேருகிற இடமும் அதற்கு நேர் மேலே. இதைக் கண்டுபிடிக்கவா இத்தனை செலவு!

ஒர்க்ஷாப் பையனிடம் காட்டினேன். பார்ட் வருகிற வரைக்கும் அந்த ஹோஸை மடக்கிக் கட்டிவிட்டு ஓட்டலாம் என்கிறான்.

பழைய_ஸ்பேனர்

கூடவே கூடாது. டயாஃப்ரம் கிழிந்திருக்கும்போது அந்த முனையில் ரெயில் பிரஷர் வந்து நிற்கும், மூன்று பாருக்குப் பக்கம், வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல மூன்று மடங்கு. மெல்லிய வேக்கும் ஹோஸ் அதற்குச் செய்ததில்லை. கழன்றால் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் பீச்சும். வண்டியை நிறுத்தி வையுங்க, பஸ் இருக்கிறது.

நிறுத்தச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால் உள்ளே இருக்கிற தேன்கூட்டுப் பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். அப்புறம் ஏற்றத்திலும் இழுக்காது.

ஆரியங்காவு_ரப்பர்

இன்ஜெக்டர் சொட்டினாலும் இதே அறிகுறிதானே? ரெகுலேட்டரை மாற்றிவிட்டு மறுபடி அழக்கூடாது என்பதற்காகக் கேட்கிறேன்.

ஓம்மீட்டர்

நியாயமான கேள்வி. பிரஷர் கேஜ் போட்டால் பிரிந்துவிடும். இந்த வகையில் பம்ப் ஓடி எஞ்சின் நிற்கும்போது இரண்டரை முதல் மூன்று பார், ஐடிலில் அதைவிட அரை பார் போலக் குறைவு. ஐடிலில் ரெகுலேட்டர் ஹோஸைப் பிடுங்கி முனையை அடைத்தால் அந்த அரை பார் ஏற வேண்டும். எஞ்சினை அணைத்த பிறகு பிரஷர் மடமடவென்று விழுந்தால், மிச்சப் பெட்ரோலை டேங்க்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் ஹோஸைத் துணி சுற்றி இடுக்கியால் அழுத்திப் பார்க்க வேண்டும். அப்போது நின்றுவிட்டால் ரெகுலேட்டர். அப்படியும் விழுந்தால் இன்ஜெக்டர் அல்லது டேங்க்கில் இருக்கிற பம்ப்பின் செக் வால்வு. ஆனால் இவருக்கு வேக்கும் ஹோஸிலேயே பெட்ரோல் வந்துவிட்டது. இதற்கு மேல் சாட்சி வேண்டாம். புதுசு போட்ட பிறகு கேஜ் வைத்து இன்ஜெக்டரையும் பார்த்துக்கொள்ளலாம்.

கார்புரேட்டர்_காலம்

சரி, ரப்பர் கிழிந்தது எதனால்? அதற்குப் பதில் சொல்லுங்க.

பழைய_ஸ்பேனர்

இருபது வருடத்துக்கு மேலான ரப்பர், அதன் மேல் பழைய வண்டியை நினைத்துச் செய்யாத எத்தனால் பெட்ரோல். இரண்டுக்கும் பங்கு இருக்கலாம், எனக்கு அதில் உங்களோடு சண்டை இல்லை. அதனால்தான் சொல்கிறேன், ரெகுலேட்டர் மாற்றும்போது எஞ்சின் பக்கத்து ஃப்யூயல் ஹோஸ், ரிட்டர்ன் ஹோஸ் இரண்டையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும். கார்புரேட்டர் வண்டி ஹோஸ் இந்தப் பிரஷருக்கு ஆகாது. மேலே எஸ்.ஏ.இ. 30ஆர்9 என்று அச்சடித்த இன்ஜெக்ஷன் ஹோஸ் கேளுங்க, கிளாம்ப்பும் பட்டை வெட்டாத இன்ஜெக்ஷன் கிளாம்ப்.

வேலை தொடங்கும் முன் ஃப்யூயல் பம்ப் ரிலேயைப் பிடுங்கி எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிடுங்க, பிரஷர் இறங்கும். அப்புறம் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்க. ரெகுலேட்டர் ஓ-ரிங் புதுசு, ஒரு துளி எஞ்சின் ஆயில் தடவி நேராக அழுத்துங்க, முறுக்கினால் வெட்டுப்படும். பழைய வண்டியிலிருந்து கழற்றின ரெகுலேட்டரை வாங்காதீங்க, அதற்கும் இதே வயசுதான்.

ஆயில், ஆயில் ஃபில்டர் உடனே மாற்ற வேண்டும். பெட்ரோல் கலந்த ஆயிலில் பேரிங் தேய்ந்துவிடும். அப்படியே தெர்மோஸ்டாட் ஹவுசிங்கையும் திறந்து பாருங்க.

கம்பம்_ஜீப்

ஹவுசிங் காலியாகத்தான் இருக்கும். பந்தயம்.

செங்கோட்டை1300

கம்பம் அண்ணாச்சி ஜெயித்துவிட்டார். உள்ளே வால்வே இல்லை. முன்பு எப்போதோ யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

புது ரெகுலேட்டர், ஓ-ரிங், இரண்டு ஹோஸ், தெர்மோஸ்டாட், கூலன்ட், ஆயில், ஃபில்டர் எல்லாம் போட்டாச்சு. ஆக்ஸிஜன் சென்சார் இப்போது 0.2-க்கும் 0.8-க்கும் இடையே ஓடுகிறது. இறக்கத்தில் சத்தம் நின்றுவிட்டது. சூட்டில் ஒரே சுற்றில் பிடிக்கிறது. கேஜில் அணைத்த பிறகும் பிரஷர் நிற்கிறது, இன்ஜெக்டர் சரிதான் போல.

ஆனால் ஐடில் 1150-ல் நிற்கிறது, கீழே வரமாட்டேன் என்கிறது. பேட்டரி கழற்றி மாட்டியும் பார்த்தேன்.

ஆரியங்காவு_ரப்பர்

இப்போதுதான் என் வேக்கும் லீக்!

பழைய_ஸ்பேனர்

இருக்கலாம், முதலில் தண்ணீர் தெளித்துப் பார்த்துவிடட்டும். எனக்கு வேறு சந்தேகம். வண்டி அணைகிறது என்று வந்தபோது எவனோ த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகி பட்டர்ஃப்ளையை, அதாவது உள்ளே இருக்கிற காற்றுக் கதவை, கொஞ்சம் திறந்து வைத்திருப்பான். கார்புரேட்டர் கை அது, இன்ஜெக்ஷனில் தொடக் கூடாத ஸ்க்ரூ. ஃபேக்டரியில் வைத்த பெயின்ட் அடையாளம் உடைந்திருக்கிறதா பாருங்க. பட்டர்ஃப்ளை முழுக்க மூடாவிட்டால் த்ராட்டில் சென்சாரும் ஐடில் நிலையைக் காட்டாது, ஐடில் வால்வு எவ்வளவு மூடினாலும் காற்று போய்க்கொண்டே இருக்கும்.

செங்கோட்டை1300

பெயின்ட் உடைந்திருந்தது அண்ணாச்சி. மேனுவலில் சொன்ன இடைவெளிக்குக் கொண்டுவந்து, த்ராட்டில் சென்சாரையும் சரிபார்த்து வைத்தோம். ஐடில் இப்போது 850. ஏசி போட்டால் 950-க்கு ஏறி நிற்கிறது, அணையவில்லை. தண்ணீர் தெளித்ததில் லீக் எதுவும் இல்லை, ரப்பர் அண்ணன் மன்னிக்கவும்.

பொல்யூஷன் சென்டரில் பைப்பை உள்ளே விட்டு நிஜமாகவே அளக்கச் சொன்னேன். கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம். பழைய சீட்டு எல்லாவற்றிலும் எப்படி பாஸ் என்று போட்டிருந்தது என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

ஓம்மீட்டர்

பாரத் ஸ்டேஜ் 2 மாசு விதிக்குச் செய்த வண்டி என்றால் வரம்பு 0.5. பழைய வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு அந்த சென்டர்தான் மலிவான ஸ்கேனர். கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தால் பெட்ரோல் கூடுதல். அது குறைவாக இருந்து ஹைட்ரோகார்பன், அதாவது எரியாத பெட்ரோல், மட்டும் ஏறியிருந்தால் ஏதோ சிலிண்டர் சரியாகப் பற்றாத மிஸ்ஃபயர், பிளக், காயில், வேக்கும் லீக் பக்கம் பார்க்கணும். சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாமல் அந்த நம்பரைக் கேட்டு வாங்குங்க.

கம்பம்_ஜீப்

தெர்மோஸ்டாட் போட்ட பிறகு எஸ் வளைவில் ஊசி எங்கே நிற்கிறது? ஏசியோடு ஏறிப் பார்த்தீர்களா?

செங்கோட்டை1300

பாதிக்குக் கொஞ்சம் கீழே. ஏசி போட்டு, வீட்டார் நாலு பேரோடு, லாரிக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்தபோதும் ரேடியேட்டர் ஃபேன் ஓடியதே தவிர ஊசி அதைத் தாண்டவில்லை.